மயில் தண்ணி

ஆவாரங்கோட்டைக் கடைவீதியில் கடற்கரை அண்ணாச்சியின் பாத்திரக்கடைக்கு மேல்மாடியில், உள்ளூர் கேபிள் டிவிக்காரர்கள் ஸ்டுடியோ என்று சொல்லிக்கொண்ட ஒரு நீளமான அறையில், எட்டு வயதுப் பெண்பிள்ளை செண்பகா மயில் வேஷத்தில் நின்றபடி ஊரே பார்க்க ஒன்றுக்குப் போய்விட்டாள். அந்த ஈரம் அதற்குப் பிறகு காயவே இல்லை.

அது சனிக்கிழமை காலை. சனிக்கிழமை காலையென்றால் அந்த ஊரில் 'சிட்டுகள் சந்தை'தான். தோசை தின்கிற பிள்ளை டிவி முன்னால் உட்கார்ந்து தின்னும், தலைக்கு எண்ணெய் வைக்கிற அம்மா டிவி முன்னால் உட்கார்ந்தே வைப்பாள், சலூனில் பாதி முகம் மழித்த ஆள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பாட்டு, மிமிக்ரி, குறள் ஒப்பித்தல், மாறுவேடம் என்று ஊர்ப்பிள்ளைகள் வந்து வந்து போவார்கள். எல்லாம் நேரடி ஒளிபரப்பு. நடத்துகிறவர் மத்தாப்பு மாமா. மற்ற நாட்களில் அவர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஞானதுரை. சனிக்கிழமை மட்டும் ஜிகினா வைத்த கோட்டு போட்டுக்கொண்டு மத்தாப்பு மாமா ஆகிவிடுவார்.

செண்பகாவின் அம்மா பேச்சிக்கனி வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். மகளை அந்த மேடையில் பார்த்துவிட வேண்டும் என்று எத்தனையோ சனிக்கிழமைகள் ஆசைப்பட்டு, அவளே நீல சாட்டினில் மயில் உடை தைத்தாள். லோடு ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் சுடலைமணி காட்டு ரோடுகளில் உதிர்ந்து கிடந்த தோகைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுக்க, ஒவ்வொன்றாக வைத்துத் தைத்தாள். அன்றைக்கு மாடிப்படி ஏறும்போது முதுகுக் கொக்கிகள் பட்டுப்பட்டென்று தெறித்துவிட்டன. கனி பதறவில்லை. பையிலிருந்து ஊசி நூலை எடுத்து, பிள்ளையைச் சுவரைப் பார்க்க நிற்க வைத்து, உடையை உடம்போடு சேர்த்து மேலிருந்து கீழ்வரை தைத்து மூடிவிட்டாள். இனி பிரித்தால்தான் கழற்ற முடியும்.

பிள்ளையின் முறை வரத் தாமதமாயிற்று. ஒரு பையன் எல்லா மிருகங்களின் குரலிலும் கத்தினான், மூன்று சகோதரிகள் ஒரே பாட்டுக்கு மூன்று விதமாக ஆடினார்கள், ஒரு பொடியன் பதினோராவது குறளில் நின்றுகொண்டு பன்னிரண்டாவதைத் தேடினான். திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்ற செண்பகா, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் காட்டுவதுபோல் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். பிரித்துக் கழற்றி மறுபடி தைத்து முடிப்பதற்குள் நிகழ்ச்சியே முடிந்துவிடும் என்று கனி கணக்குப் போட்டாள். உள்ளங்கையைத் தாழ்த்தி, பொறு என்றாள். சற்று நேரம் கழித்துப் பிள்ளை மறுபடி விரலைத் தூக்கியது. கனி கண்ணை உருட்டினாள். விரல் இறங்கிவிட்டது.

பிறகு பாட்டைப் போட்டார்கள். செண்பகா நன்றாகத்தான் ஆடினாள். தோகை விரித்துச் சுற்றி வந்தபோது கைதட்டல் எழுந்தது, கனியும் தட்டினாள். இரண்டாவது சரணத்தில் பிள்ளை நின்றுவிட்டாள். பாட்டு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நீல சாட்டின் கறுத்துக்கொண்டே இறங்கியது, வெள்ளை டைல்ஸில் தண்ணீர் பரவி கேமரா ஸ்டாண்டின் காலைத் தொட்டது, பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள், பிள்ளைகளோடு வந்த பெரியவர்களும் சிரித்தார்கள். நேரடி ஒளிபரப்பில் ஒரு நொடி மௌனம் விழுந்தாலும் பயப்படுகிற மத்தாப்பு மாமா மைக்கைத் தூக்கி, "மயில் ஆடுச்சு, மழை வந்துடுச்சு பாத்தீங்களா குட்டீஸ்" என்றார். சிரிப்பு கூரையில் மோதியது.

"பாப்பாவோட அம்மா எங்கம்மா? வந்து கூட்டிட்டுப் போங்க."

கனி எழவில்லை.

எழுந்திருக்கத்தான் நினைத்தாள். கால் கேட்கவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது, ஏனென்றால் அவள் கேட்டே பார்க்கவில்லை. முன் வரிசையில் இருந்தவர்கள் எந்த அம்மா என்று பார்ப்பதற்காகப் பின்னால் திரும்பினார்கள். இரண்டாவது வரிசையும் திரும்பியது. கனியும் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தன் கழுத்தை எல்லோரோடும் சேர்த்துப் பின்னால் திருப்பி, நாலாவது வரிசையிலும் அதற்குப் பின்னால் சுவரோரம் நின்றவர்களிடத்திலும் அந்தப் பிள்ளையின் அம்மாவைத் தேடினாள். திரும்பி மேடையைப் பார்த்தபோது மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெஜினா டீச்சர் என்று ஒருவர், தன் மகனோடு வந்தவர், எழுந்து போய்த் தோகை, ஈரம் எதையும் பார்க்காமல் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே கொண்டுபோனார்.

வீட்டில் கனி பிளேடால் தையலைப் பிரித்தாள். பிள்ளை "மெதுவாம்மா, கூசுது" என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். மதியம் சுடலைமணி சாப்பிட வந்தான். டீக்கடை டிவியில் பார்த்திருந்தான். "சின்னப்புள்ள தான, விடு" என்று சொல்லிக் கையைக் கழுவினான். வேறு எதையாவது பார்த்தானா என்று அவன் முகத்தில் தேடினாள் கனி. அவன் ரசம் கேட்டான்.

ஸ்டுடியோவைத் துடைத்தார்கள். துடைத்த துணியைப் பிழிந்துவிட்டு வந்து பார்த்தால் துடைத்த இடம் நனைந்திருந்தது. திங்கட்கிழமை மின்விசிறியை வைத்தார்கள், செவ்வாய்க்கிழமை மணலைப் போட்டார்கள், மணல் சேறானது. புதன்கிழமை நாற்றம் ஏதும் இருக்கிறதா என்று குனிந்து முகர்ந்தவர்கள், புது மண்ணில் தண்ணீர் தெளித்த வாசம் வருகிறதென்றார்கள். அடுத்த சனிக்கிழமை வருவதற்குள் தண்ணீர் கணுக்காலுக்கு வந்து தளத்துக்குள் இறங்கி, கீழே பாத்திரக்கடையின் கூரையிலிருந்து சொட்டத் தொடங்கியது. சொட்டுகள் வரிசையாக அடுக்கியிருந்த பித்தளைக் குடங்களில் ஒன்றில் மட்டும் குறி தவறாமல் விழுந்து, அது நிறைந்ததும் பக்கத்துக் குடத்துக்கு நகர்ந்தன.

ஆவாரங்கோட்டைத் தண்ணீர் உப்பு. போர் போட்டாலும் உப்பு, கிணறு வெட்டினாலும் உப்பு. டீயில் உப்புத் தெரியும், குளித்தால் தலை கயிறாகும். நகராட்சி லாரி வருகிற நாளில் ஊர்ப்பெண்கள் ஒருவர் கொண்டையை ஒருவர் பிடிப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் கடற்கரை அண்ணாச்சி, கடையைக் கெடுக்க வந்த தண்ணீரைத் திட்டிக்கொண்டே ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கடைப்பையனிடம், "தம்ளர் ஒண்ணு எடு" என்றார்.

முதலில் எதிரே இருந்த டீக்கடைக்காரர் ஒரு வாளி வாங்கிப்போனார். அந்த டீயைக் குடித்தவர்கள் இரண்டாவது டீ சொன்னார்கள். "எதுலருந்து வந்த தண்ணின்னு தெரியும்ல" என்று ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார். அவர் மகள் பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்ததும் அவரும் குடத்தோடு படியேறினார். நகராட்சி ஆள் கண்ணாடிப் புட்டியில் பிடித்துப்போய்ச் சோதித்து, குடிக்கலாம் என்று எழுதிய காகிதத்தை மாடிப்படிச் சுவரில் ஒட்டினார். மாரியம்மன் கொடைத் திருவிழாவுக்கு அந்தத் தண்ணீரில் பொங்கல் வைத்தார்கள். சர்ச்சிலிருந்து கோயில்பிள்ளை வந்து ஞானஸ்நானத்துக்கு ஒரு குடம் கொண்டுபோனார். பள்ளிவாசலில் கைகால் கழுவுகிற ஹவுள் தொட்டியில் ஊற்ற இளவட்டங்கள் சைக்கிளில் கட்டி எடுத்துப்போனார்கள். எப்படி வந்தது என்று யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. எத்தனை மணிக்குப் பிடிப்பது, எந்தத் தெரு முதலில், செருப்பைக் கீழே விடுவதா மேலே விடுவதா என்பதைத்தான் யோசித்தார்கள். பெயரும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. மயில் தண்ணி.

நிகழ்ச்சியும் நிற்கவில்லை. கேமராக்காரர் பெஞ்சின் மேல் ஏறி நின்றார், வயர்களைக் கொடிக்கயிற்றில் தூக்கிக் கட்டினார்கள், மத்தாப்பு மாமா பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டார். பிள்ளைகள் தண்ணீரில் சளக் சளக்கென்று ஆடும் சத்தம் சனிக்கிழமை காலையில் எல்லா வீட்டிலும் கேட்டது. எங்கிருந்தோ தவளைகள் வந்து சேர்ந்தன. குறள் ஒப்பிக்கிற பிள்ளை திணறினால் ஒரு தவளை கத்தும், பிள்ளைக்கு அடுத்த குறள் நினைவுக்கு வந்துவிடும்.

ஊருக்கு ஒரு மாற்றம் வந்தது. அதை முதலில் கவனித்தவள், குடமே எடுக்காத கனிதான். தண்ணீர் வரிசையில் சத்தம் இல்லை. லாரித் தண்ணீருக்குக் கொண்டையைப் பிடித்த அதே பெண்கள் மாடிப்படியில் குனிந்த தலையோடு நின்றார்கள். "நீங்க பிடிங்க", "இல்ல, நீங்க பிடிங்க" என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டார்கள். தண்ணீரைக் கோரும்போது பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் கோரினார்கள். கனி கடைவீதியில் வந்தால் வரிசை பேச்சை நிறுத்திக்கொள்ளும். பக்கத்து வீட்டு அன்னபாக்கியம், "வாங்க மதினி, நீங்க முன்னால போங்க, உங்களுக்கு இல்லாத தண்ணியா" என்று வழிவிடுவாள், எல்லோரும் சுவரோரம் ஒதுங்குவார்கள். அந்த வழிவிடுதலைக் கனியால் தாங்க முடியவில்லை. கேலி செய்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள். காறித் துப்பியிருந்தால்கூடத் துடைத்துக்கொண்டு போயிருப்பாள். கழுத்தைத் திருப்பினாயே என்று யாரும் கேட்கவில்லை. பார்த்தார்களா, பார்க்கவில்லையா? அதைக் கேட்பதற்கும் வாய் வரவில்லை. அவள் உப்புத் தண்ணீரிலேயே சோறு பொங்கினாள். சுடலைமணி ஆட்டோவில் இரண்டு குடம் கொண்டுவந்து இறக்கினால், அதை அவனுக்கும் மகளுக்கும் ஊற்றிவிட்டுத் தனக்குப் பழைய பானையில் மொண்டுகொண்டாள்.

செண்பகா சாதாரணமாகத்தான் இருந்தாள். பள்ளிக்கூடம் போனாள், பாண்டி ஆடினாள், அந்தத் தண்ணீரை மடக்கு மடக்கென்று குடித்தாள். ஆனால் ஒன்று. அம்மாவிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டாள். பென்சில் வேண்டுமென்றால் அப்பாவிடம் கேட்டாள். வயிற்று வலியென்றால் தானே படுத்துக்கொண்டாள். வெளியே போகும்போது, "போகட்டுமா" என்று கேட்கிற பிள்ளை இப்போது, "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த 'ட்டுமா' போன இடத்தை யாரிடம் போய்க் கேட்பதென்று கனிக்குத் தெரியவில்லை.

ஒருநாள் சாயங்காலம் ஜாக்கெட் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, தெருமுனைக் குழாயடியில் வெளியூரிலிருந்து விருந்துக்கு வந்த ஒரு பெண் செண்பகாவை நிறுத்தி வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அன்னபாக்கியம் இருந்தாள்.

"நீதானா அந்த மயிலு? அன்னைக்கு உங்க அம்மா எங்கட்டி போனா? வேற யாரோ வந்து தூக்கிட்டுப் போனாங்களாமே."

"அம்மா வரலை அத்தை. அம்மாவுக்கு அன்னைக்குக் காய்ச்சல்."

செண்பகா இதைக் கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னாள். பலமுறை சொல்லிப் பழகிய குரல். அன்னபாக்கியம் உடனே, "ஆமா, நல்ல காய்ச்சல். நாந்தான் கசாயம் போட்டுக் குடுத்தேன்" என்றாள்.

கனி சுவருக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். அன்னபாக்கியம் கசாயம் எதுவும் போடவில்லை. அவளும் அன்றைக்கு டிவி பார்த்தவள்தான். அப்படியானால் பார்த்திருக்கிறாள். அப்படியானால் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு, எட்டு வயதுப் பிள்ளை சொன்ன பொய்யை வாங்கி, அம்மாவின் மேல் ஒரு போர்வைபோல ஊரே சேர்ந்து போர்த்திவிட்டிருக்கிறது. அவமானம் எங்கே சுடும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. அது காதுமடலில் சுட்டது, உள்ளங்காலில் சுட்டது, தைக்கிற விரலில் சுட்டது. திரும்பி, வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போனாள்.

தண்ணீர் வந்து ஒரு வருஷம் ஆனபோது, 'சிட்டுகள் சந்தை'யில் சிறப்பு நிகழ்ச்சி வைத்தார்கள். செண்பகாதான் விருந்தினர். அம்மாவும் வந்தே ஆகவேண்டும் என்று மத்தாப்பு மாமா வீட்டுக்கே வந்து சொன்னார். கனி தன் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டாள். இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்திருந்தாள். இட்லித் தட்டில் மாவு ஊற்றும்போது அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாள், பின்னல் போடும்போது சொல்லிப் பார்த்தாள், படியேறும்போதும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே ஏறினாள்.

மேடையில் அம்மாவுக்கும் மகளுக்கும் இரண்டு நாற்காலி போட்டு, கால் நனையாமலிருக்கச் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். ஊர் முழுக்கப் பார்த்தது. அறையில் இடமில்லாமல் படியெல்லாம் ஆட்கள். மத்தாப்பு மாமா பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்தினார், பிள்ளைகள் கைதட்டினார்கள், தவளைகளும் தங்கள் பங்குக்குக் கத்தின. பிறகு அவர் மைக்கைக் கனியின் பக்கம் நீட்டி, அவள் கண்ணைப் பார்க்காமல், மெதுவாகக் கேட்டார்.

"அன்னைக்கு உங்களுக்கு உடம்பு சரியில்ல. காய்ச்சல். அதான் வர முடியல, இல்லையாம்மா?"

கனி மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். அங்கே யாரோ ஒரு பெண் மடியில் பையோடு உட்கார்ந்து அவளுக்காகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆமென்று சொல் என்பதுபோல. எல்லா வரிசையும் ஆட்டியது. பக்கத்து நாற்காலியில் மகளும் ஆட்டினாள்.

"ஆமா" என்றாள் கனி. "காய்ச்சல்."

ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் வற்றவில்லை, பொங்கவுமில்லை. எல்லோரும் மூச்சை விட்டார்கள், அடுத்து ஒரு பையன் வந்து பாடினான்.

நிகழ்ச்சி முடிந்து கீழே இறங்கி, கடையோரம் வெயிலில் கனி நின்றுவிட்டாள். முதல் தடவை கழுத்துதான் திரும்பியது. இப்போது வாயும் திரும்பிவிட்டது. செண்பகா தன் சின்னக் கையால் அவள் கையைப் பிடித்து, "பரவாயில்லம்மா" என்றாள், பெரிய மனுஷி மாதிரி. அந்த வார்த்தையைக் கேட்டதும் கனி பிள்ளையை இழுத்துக்கொண்டு மறுபடி படியேறினாள்.

மேலே கூட்டம் போயிருந்தது. விளக்குகளை அணைத்துவிட்டார்கள். மத்தாப்பு மாமா ஜிகினா கோட்டைக் கழற்றிவிட்டு, ஞானதுரையாகி, பேண்டைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"எனக்குக் காய்ச்சல் இல்லண்ணே" என்றாள் கனி. "நான் இங்கதான் உக்காந்திருந்தேன். எம்புள்ள நின்னுச்சு, நான் வேற யாரையோ தேடுறாப்புல திரும்பிப் பாத்தேன்."

அவர் பிழிவதை நிறுத்தவில்லை. "தெரியும்மா. கேமரா அப்ப உங்க பக்கந்தான் இருந்துச்சு. ஊரே பாத்துச்சு."

"பாத்துட்டு ஏண்ணே ஒருத்தரும் கேக்கல?"

"கேக்குறதுக்கு யாருக்கு வாய் இருக்கு? மைக்க வச்சுக்கிட்டு மழை வந்துடுச்சுன்னு சொன்னவன் நான். புள்ளைங்களோடயே காலத்த ஓட்டுறவன் சொல்ற பேச்சா அது? வீட்டுல உக்காந்து பாத்த அத்தன பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. என் வீட்டுக்காரி சிரிச்சா, அன்னபாக்கியம் சிரிச்சா, அண்ணாச்சி கல்லாவுல தட்டித் தட்டிச் சிரிச்சாரு. இப்ப குடத்தத் தூக்கிட்டு வர்றாங்க. எதக் குடிக்குறோம்னு எல்லாருக்கும் தெரியும்மா. அதான் வரிசையில சத்தமில்ல."

செண்பகா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வீட்டுப்பாடம் சொல்வதுபோல் சொன்னாள்.

"நானும் சிரிச்சேன்."

"எப்பட்டி?"

"அப்பத்தான். எல்லாரும் சிரிச்சாங்கல்ல, நானும் சிரிச்சேன். அங்க நிக்கிறது வேற யாரோன்னு நெனச்சுக்கிட்டு. நீயும் வேற யாரையோ தேடுன. சரி, வேற யாரோதான் போலன்னு நெனச்சேன். அப்புறம் டீச்சர் தூக்குனாங்க. கால்ல குளிர்ந்துச்சு. அப்பத்தான் நாந்தான்னு தெரிஞ்சுச்சு."

கனி மகள் நின்ற அந்த இடத்தைத் தேடினாள். தேட வேண்டியிருக்கவில்லை, தண்ணீர் அங்கேதான் இன்னும் மெல்ல முட்டி முட்டிச் சுரந்துகொண்டிருந்தது. பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகாமல், கொசுவத்தைப் பிடிக்காமல், அப்படியே அந்த ஊற்றுக் கண்ணின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, சேல" என்றாள் செண்பகா. "ஆமா" என்றாள் கனி. தண்ணீர் இடுப்பு வரை ஏறிப் பட்டைக் குடித்தது. சில்லென்று இருந்தது. ஒரு கை அள்ளிக் குடித்தாள். ஒரு வருஷமாக உப்பில் ஊறிய நாக்குக்கு ருசி உடனே பிடிபடவில்லை, இன்னொரு கை குடித்தாள். ஞானதுரை முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். செண்பகா சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, கௌனோடு வந்து அம்மாவின் மடியில் உட்கார்ந்தாள்.

இருவரும் எழுந்து கீழே இறங்கியபோது உச்சி வெயில். கனி சேலையைப் பிழியவில்லை, உலரும்வரை நிற்கவுமில்லை. சொட்டச் சொட்ட, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கடைவீதியின் நடுவே நடந்தாள். இடுப்புக்குக் கீழே ஒட்டிய பட்டைப் பாத்திரக்கடை பார்த்தது, டீக்கடை பார்த்தது, சலூன் பார்த்தது, வரிசையில் நின்ற பெண்கள் பார்த்தார்கள். நடந்த வழியெல்லாம் தார்ரோட்டில் ஈரம் ஒரு கோடாக விழுந்தது. அவளுக்குக் கூசத்தான் செய்தது. ஒவ்வொரு அடிக்கும் கூசியது. கூசட்டும் என்று நடந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் வழிவிட்டு ஒதுங்கவுமில்லை, அன்னபாக்கியம் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவளின் குழந்தை, அப்போதுதான் நாலு வார்த்தை பேசப் பழகியது, கோணி விரிப்பிலிருந்து எழுந்து வந்து கனியின் முன்னால் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தது. வீதி முழுக்கக் காதுகொடுத்து நிற்க, சத்தமாகக் கேட்டது.

"அத்த, ஏன் நனஞ்சுபோயிட்ட?"

கனி குனிந்து அதன் முகத்துக்கு நேராக, வீதிக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எந்திரிச்சிருக்கணும்யா. எந்திரிக்காம உக்காந்துட்டேன்."